ஒரே மாலையில் இரண்டு அஸ்தமனம்

கொழும்பின் கொள்ளுப்பிட்டியில் சூரியன் ஒரே மாலையில் இரண்டு தடவை மறையும். காலிமுகத்திடலின் கரையில் நிற்பவருக்கு ஒரு தடவை. அவரே அந்தக் கணத்தில் வேகமான லிஃப்ட் ஒன்றில் ஏறி, பக்கத்து அடுக்குமாடியின் நூறு மீட்டர் உயரத்துக்குப் போய்விட முடிந்தால், இன்னொரு தடவை. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். கண்கட்டு வித்தை எதுவும் இதில் இல்லை. பூமி உருண்டையாக இருப்பதால் நேர்வது இது.

இந்த ஒரு நிமிடத்தைச் சுற்றி உலகெங்கும் பெரிய வியாபாரமே நடக்கிறது. கரீபியன் தீவுகளுக்குத் தேனிலவு போகிறவர்கள் மலையுச்சி உணவகத்தில், கடலைப் பார்த்த மேசையாகக் கேட்டுப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்கிறார்கள். கொழும்பில் கல்யாண நாள் கொண்டாடும் தம்பதியும், கனடாவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்துக்கு விருந்து வைப்பவரும் கடற்கரை அடுக்குமாடியின் உச்சிக்குப் போகிறார்கள். கீழே திடலில் இறால் வடையைக் கடித்துக்கொண்டு நிற்பவருக்கும் அதே சூரியன்தான், அதே கடல்தான். அப்படியானால் மேலே போகிறவர் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு இயற்கை என்ன தருகிறது? பௌதிகம் இதற்குக் கணக்கோடு பதில் சொல்கிறது. சில இடங்களில் வியாபாரிக்குச் சாதகமாக, சில இடங்களில் திடலில் நிற்பவருக்குச் சாதகமாக.

மலை இல்லாத ஊரின் மலைகள்

கரீபியனில் கடலை ஒட்டியே மலை இருப்பதற்குக் காரணம் எரிமலை. அட்லாண்டிக் கடலடித் தட்டு கரீபியன் தட்டுக்குக் கீழே புகுந்து இறங்குகிறது. அந்த ஆழத்தில் உருகிய பாறை மேலே வந்து தீவுகளைக் கட்டியிருக்கிறது. சென் லூசியாவின் பெரிய பித்தோன் சிகரம் கடலிலிருந்து நேராக ஏறக்குறைய 800 மீட்டர் எழுந்து நிற்கிறது. அங்கே முந்நூறு மீட்டர் உயரத்தில் மேசை போடுவதற்கு ஒரு வளைந்த பாதையும் ஒரு ஜீப்பும் போதும்.

கொழும்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. இலங்கையின் பாறை மிகப் பழையது. மலைகள் நாட்டின் நடுவில் இருக்கின்றன, மேற்குக் கரை தட்டையாகக் கிடக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859 இல் காலிமுகத்திடலின் நடைபாதையை முடித்தபோதும், அதன் தென்முனையில் 1864 இல் கோல்ஃபேஸ் ஹோட்டல் திறந்தபோதும், கடலை ரசிக்க வந்தவர்கள் கடலின் மட்டத்திலேயே உட்கார்ந்தார்கள். உயரம் பிறகுதான் வந்தது, கொங்கிரீட்டில். இன்று காலி வீதி நெடுகிலும் அடுக்குமாடிகள். பேரே வாவிக் கரையில் 350 மீட்டரளவு உயரமான தாமரைக் கோபுரம், அதில் சுழலும் உணவகம் ஒன்றும் உண்டு. கொழும்பு தன் மலைகளைத் தானே கட்டிக்கொண்டது.

கடல் எவ்வளவு தூரம் தெரியும்?

உயரம் தரும் முதல் பொருள் தூரம். இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து உங்கள் கண் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 3.86 ஆல் பெருக்குங்கள். வருவது அடிவானம் வரை உள்ள தூரம், கிலோமீட்டரில். காற்று ஒளியைச் சற்று வளைப்பதையும் இந்த எண் சேர்த்துக்கொள்கிறது.

மணலில் நிற்பவரின் கண் ஏறக்குறைய 1.7 மீட்டர் உயரத்தில் இருக்கும். அவருக்குத் தெரியும் கடல் 5 கிலோமீட்டர்தான். முடிவே இல்லாமல் விரிந்து கிடப்பதாகத் தோன்றும் சமுத்திரத்தில் நம் கண்ணுக்கு அகப்படுவது கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தையைச் சற்றுத் தாண்டும் தூரம் மட்டுமே. நூறு மீட்டர் உயர்ந்தால் அது 38 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. 250 மீட்டரில் 61 கிலோமீட்டர்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கருமித்தனம் உண்டு. தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். முதல் சில மாடிகள் அள்ளித் தருகின்றன, மேலே போகப் போக ஒவ்வொரு மாடியும் கிள்ளித்தான் தரும். பத்தாம் மாடியில் மேசை கிடைத்தவர் நாற்பதாம் மாடியைப் பார்த்து ஏங்கத் தேவையில்லை. அவரிடம் ஏற்கனவே பாதிக் கடல் இருக்கிறது.

கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கொள்கலன் கப்பல்களைக் கவனித்தால் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். கரையில் நிற்பவருக்குத் தூரத்துக் கப்பலின் மேல்தட்டுப் பெட்டிகள் தெரியும், உடல் தெரியாது. கடலின் வளைவு அதை மறைத்திருக்கும். அதே கப்பலை மேல்மாடியிலிருந்து பார்த்தால் நீரைக் கிழிக்கும் முனை வரை முழுதாகத் தெரியும்.

மேலதிகமான அந்த நிமிடம்

உயரே போனால் அடிவானம் தள்ளிப் போவதோடு கீழேயும் இறங்குகிறது. நூறு மீட்டரில் நிற்பவர் அடிவானத்தைப் பார்க்கத் தன் பார்வையைக் கிடைமட்டத்திலிருந்து ஒரு பாகையின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்த்த வேண்டும். சூரியனும் அவ்வளவு கூடுதலாக இறங்கினால்தான் அவருக்கு மறையும். நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை என்ற கணக்கில் வானத்தில் சூரியன் நகர்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் அது சரிவாக இறங்காமல் ஏறக்குறைய செங்குத்தாகவே இறங்குகிறது. ஆகவே கடல்மட்டத்துக்கும் நூறு மீட்டர் உயரத்துக்கும் இடையே 70 விநாடி வித்தியாசம் வருகிறது. கரையில் நின்றபடி பார்ப்பவரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஒரு நிமிடம். கரீபியனின் முந்நூறு மீட்டர் மலையில் இரண்டு நிமிடம்.

இந்த விநாடிகளைப் பொருட்படுத்தி மார்க்கத் தீர்ப்பே வழங்கப்பட்டிருக்கிறது. துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரம். 2011 ரமழானில் அந்நகரத்து மார்க்க அறிஞர்கள், 80 ஆம் மாடிக்கு மேல் குடியிருப்பவர்கள் நோன்பு திறக்க இரண்டு நிமிடமும், 150 ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். கீழே பாங்கு ஒலித்தாலும் மேலே சூரியன் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதே காரணம்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு பெரிய விஷயம் கையில் கிடைக்கும். உயரமும் அடிவானத்தின் தாழ்வும் தெரிந்தால் பூமியின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். பதினோராம் நூற்றாண்டில் அல்-பிரூனி இதைத்தான் செய்தார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டைக் குன்றின் மேல் ஏறி, கீழே விரிந்த சமவெளியின் அடிவானம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்து, பூமியின் ஆரத்தைக் கணித்தார். 1979 இல் அமெரிக்கரான டெனிஸ் ரோலின்ஸ் இதற்குக் கோணமானிகூட வேண்டாம், ஒரு கைக்கடிகாரமும் அளவுகோலும் போதும் என்று எழுதிக் காட்டினார். உயரத்தில் ஒருவர், கடல்மட்டத்தில் ஒருவர். இருவரும் சூரியனின் கடைசிப் புள்ளி மறைந்த விநாடியைக் குறித்துக்கொண்டால் சரி. அந்த இடைவெளியில் பூமி எத்தனை பாகை சுழன்றது என்பது தெரியும், அதிலிருந்து ஆரம் வரும். காற்றின் வளைப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால் விடை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக வரும். ஒரு மாலைச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கோளையே அளக்க முடிவது சின்ன விஷயமா?

ஏற்கனவே மறைந்துவிட்ட சூரியன்

காற்றின் அந்த வளைப்பு தனியாகப் பேச வேண்டிய ஒன்று. அடிவானத்தில் வரும் ஒளியைக் காற்று மண்டலம் அரைப் பாகைக்குச் சற்று மேல் வளைக்கிறது. கோண அளவில் 34 கலை. சூரியத் தட்டின் அகலம் 32 கலை. இரண்டு எண்களும் இவ்வளவு அருகருகே அமைந்தது தற்செயல், ஆனால் விளைவு அபாரம். கரையில் நிற்பவருக்குச் சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொடுவதாகத் தெரியும் கணத்தில், உண்மையான சூரியன் முழுவதுமாக அடிவானத்துக்குக் கீழே போய்விட்டிருக்கிறது. மேசையைச் சுற்றி எல்லோரும் போன் எடுத்துப் பிடிக்கும் படம், காற்று தூக்கிக் காட்டும் பிம்பம்.

காற்று எல்லா இடத்தையும் ஒரே அளவில் தூக்குவதில்லை. கீழ் விளிம்பை அதிகமாகவும் மேல் விளிம்பைக் குறைவாகவும் தூக்குகிறது. அதனால்தான் கடலைத் தொடும் சூரியன் வட்டமாக இல்லாமல், மேலும் கீழும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நசுங்கித் தெரிகிறது. பக்கவாட்டு அகலத்தில் மாற்றம் இல்லை.

இதே காரணத்தால் பாடப்புத்தகத்தின் ஒரு வாக்கியமும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. மார்ச்சிலும் செப்டெம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் என்று படிக்கிறோம். அந்த நாட்களிலும் கொழும்பில் பகல் 12 மணித்தியாலமும் 6 நிமிடமும் தாண்டும். பாதிக்கு மேற்பட்டதைக் காற்று தருகிறது. மீதி, சூரியனின் நடுவை விட்டு மேல் விளிம்பை வைத்து நாம் உதயமும் அஸ்தமனமும் குறிப்பதால் வருவது.

ஒளியை வளைக்கும்போது காற்று நிறங்களையும் லேசாகப் பிரிக்கிறது. சிவப்பு குறைவாக வளையும், பச்சையும் நீலமும் கூடுதலாக வளையும். ஆகவே சூரியனின் கடைசித் துளி மறையும்போது முதலில் சிவப்பு போய், பச்சை ஒரு கணம் பின்தங்க வேண்டும். நீலம் ஏன் தெரிவதில்லை என்றால், அது வழியிலேயே சிதறிப்போய்விடுகிறது. இதுதான் பச்சை மின்னல். ஜூல் வெர்ன் 1882 இல் இதன் பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். கரீபியன் உணவகங்கள் இன்றும் இதைக் காட்டுகிறோம் என்று விருந்தினரை அழைக்கின்றன. தெளிந்த வானமும் தடையில்லாத கடல் அடிவானமும் இதற்குத் தேவை. இரண்டாவது கொள்ளுப்பிட்டிக்கு வருடம் முழுவதும் இருக்கிறது, முதலாவது எப்போதாவதுதான் அமையும். ஒரு விநாடி, அதிகம் போனால் இரண்டு. அதைப் பிடிக்க வேண்டுமென்று முன்கூட்டியே சூரியனை முறைத்துப் பார்த்தால் கண் கூசி மின்னலும் தெரியாது, கண்ணுக்கும் கேடு. தொலைநோக்கியால் பார்ப்பது பெரிய ஆபத்து. கடைசித் துளி மட்டும் எஞ்சும் வரை பார்வையை விலக்கி வைத்திருப்பதே வழி.

சிவப்பு எங்கிருந்து வருகிறது?

உச்சி வெயிலில் ஒளி கடந்து வரும் காற்றோடு ஒப்பிட்டால், அடிவானத்திலிருந்து வரும் ஒளி ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் காற்றின் மூலக்கூறுகள் நீலத்தைச் சிவப்பை விட ஐந்தாறு மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. இந்த விதியை 1871 இல் ரேலி பிரபு வகுத்தார். பகலில் நம் தலைக்கு மேல் நீலமாகப் பரவும் ஒளியும், மாலையில் நமக்குச் சிவப்பாக எஞ்சும் ஒளியும் ஒரே கணக்கின் வரவும் செலவும். நமக்கு அந்தி என்றால், மேற்கே யாருக்கோ அது நடுப்பகலின் நீல வானம்.

வானம் நீலம் என்பதால் அதன் பிரதிபலிப்பாகக் கடலும் நீலம் என்று ரேலி நினைத்தார். அதை ஏற்க மறுத்தவர் திருச்சியில் பிறந்த சி.வி.ராமன். 1921 இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பி வந்தபோது, கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தால் கடல் மேற்பரப்பின் பிரதிபலிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் முடிவு செய்தார். அந்த ஆராய்ச்சி வளர்ந்து 1928 இல் ராமன் விளைவாகவும் 1930 இல் நோபெல் பரிசாகவும் முடிந்தது. கடலின் நீலத்தில் நீர் சிவப்பை உறிஞ்சுவதற்கும் பெரும் பங்கு உண்டு என்று இன்று அறிகிறோம்.

தூசியும் புகையும் கூடினால் அஸ்தமனம் அழகாகும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பெரும்பாலும் அது தவறு. புகைத் துகள்கள் காற்றின் மூலக்கூறுகளை விட மிகப் பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடித்து வானத்தை மங்க வைக்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்றின் மாதங்களில் இந்தியத் துணைக்கண்டத்தின் புகை கடல் மேல் இறங்கி வருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்திரன் ராமநாதன் முதலானோர் 1999 இல் மாலைதீவைத் தளமாகக் கொண்டு நடத்திய இந்து சமுத்திர ஆய்வு, இந்தப் பழுப்புப் புகைப் படலத்தை மூன்று கிலோமீட்டர் தடிப்பு வரை அளந்தது. தை, மாசி மாதங்களில் கொழும்பில் மழையே இல்லாத மாலையிலும் சூரியன் கடலைத் தொடுவதற்கு முன்பே மங்கிக் கரைந்துபோவதற்கு இது ஒரு காரணம். காற்றை மழை கழுவிவிட்ட மாலைதான் நிறம் கொழிக்கும் மாலை. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், பின்னேர இடிமழை ஓய்ந்து மேற்கு வானம் திறந்தால் அந்த மேசையை விட்டுவிடாதீர்கள். சில முகில்கள் உயரத்தில் மிஞ்சி இருந்தால் இன்னும் நல்லது. சூரியன் நமக்கு மறைந்த பிறகும் அவற்றின் அடிவயிற்றில் சிவப்பு ஒளி படும்.

எரிமலைத் துகள் மட்டும் வேறு கதை. 1883 ஓகஸ்ட் 27 இல் கிரகத்தோவா எரிமலை வெடித்தது. அடுத்த மாதம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. மதராஸில் பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித் நிறமாலைமானியை எடுத்து அந்தப் பச்சைச் சூரியனை ஆராய்ந்தார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநரானவர் அவரே. ஏறக்குறைய ஒரே பருமனுள்ள நுண்துகள்கள் சிவப்பை அதிகமாகச் சிதறடித்ததால் வழக்கம் தலைகீழானது. அந்த வருடத்துச் செப்டெம்பரில் கோல்ஃபேஸ் ஹோட்டலின் முற்றத்தில் இருந்தவர்கள், வழக்கமாக அங்கே யாரும் காணாத சூரியனைப் பார்த்திருக்க வேண்டும்.

திரும்பிப் பாருங்கள்

சூரியன் மறைந்ததும் மேல்மாடியில் எல்லோரும் மெனுவுக்குத் திரும்புகிறார்கள். மாலையின் சிறந்த காட்சி அப்போதுதான், அவர்களின் முதுகுக்குப் பின்னால், ஆரம்பிக்கிறது. கிழக்கே, நகரத்தின் கூரைகளுக்கு மேல், நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும். அதற்கு மேலே ரோசா நிறத்தில் இன்னொரு பட்டை. கீழே உள்ளது முகில் அல்ல, பூமியின் நிழல். நாம் நிற்கும் கோளே காற்று மண்டலத்தின் மேல் விழுத்தும் நிழல் அது. மேலே உள்ள ரோசாப் பட்டைக்கு வானியலாளர் வைத்த பெயர் வீனஸின் கச்சை. அஸ்தமனம் முடிந்து ஐந்து நிமிடத்தில் நன்றாகத் தெரியும், கால் மணியில் இருளோடு கலந்துவிடும்.

உயரம் உண்மையில் காசுக்கு ஈடு கொடுப்பது இங்கேதான். மேற்கே கடல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கிழக்கே கீழே நிற்பவருக்குக் கட்டடங்கள் மறைக்கின்றன, மேலே நிற்பவருக்கு மறைப்பு இல்லை. சிவனொளிபாத மலையில் விடியற்காலையில் மேற்கே விழும் முக்கோண நிழலைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் இரவிரவாகப் படியேறுகிறார்கள். கொழும்பில் அதைவிடப் பெரிய நிழல் ஒன்றைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் பாராமல் விடுகிறார்கள்.

போயா நாள் என்றால் இன்னும் ஒரு சலுகை. பூரணச் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே இருப்பதால், சூரியன் மறையும் வேளையை ஒட்டி அது கிழக்கே உதிக்கும். மேற்கே சிவப்பு, கிழக்கே ரோசாப் பட்டையின் நடுவே நிலவு. அன்று நாடு முழுவதும் மதுபான விற்பனைக்குத் தடை என்பதால் மேல்மாடியில் கூட்டமும் குறைவாக இருக்கக்கூடும்.

பிறகு தலைக்கு மேலே பாருங்கள். சூரியன் போன பின்பும் உச்சி வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். ரேலியின் கணக்கு மட்டுமே உண்மையென்றால் அந்நேரத்தில் அங்கே வெளிறிய மஞ்சள்தான் தெரிய வேண்டும். 1953 இல் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் ஹல்பர்ட் காரணத்தைக் கண்டார். அது ஓசோன். புறஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காக்கும் அதே ஓசோன் படலம், சாய்வாக நெடுந்தூரம் கடந்துவரும் அந்தி ஒளியிலிருந்து மஞ்சளையும் செம்மஞ்சளையும் உறிஞ்சி நீலத்தை விட்டுவிடுகிறது. பகலின் நீலத்துக்கு ஒரு காரணம், செக்கல் நேரத்து நீலத்துக்கு வேறொரு காரணம்.

குளிர்ச்சி யாருடைய தயவு?

மேலே ஜில்லென்று இருக்கிறது என்பார்கள். உயரத்தால் வெப்பநிலை குறைவது உண்மைதான், ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு ஆறரைப் பாகை செல்சியஸ் என்ற கணக்கில். நூறு மீட்டருக்குப் பாகையில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. அதை உடம்பு உணரப்போவதில்லை. உணர்வது காற்றை. தரைக்கு அருகில் கட்டடமும் மரமும் வாகனமும் உரசிக் காற்றின் வேகத்தைக் குறைக்கின்றன, உயரே அந்த உரசல் இல்லை. வேகமான காற்று வியர்வையை விரைவாக உலர்த்துகிறது. நுளம்புத் தொல்லை குறைவதற்கும் இதுவே காரணம். பலத்த காற்றில் அவற்றால் ஒழுங்காகப் பறக்க முடியாது.

அந்தக் காற்றின் ஊற்று நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம். பகலில் நிலம் விரைவாகச் சூடேற, அதன் மேலுள்ள காற்று எழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சூரியன் மறைந்ததும் நிலம் ஆறத் தொடங்கி, கடற்காற்று மெல்ல ஓய்கிறது. இரவில் திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். ஏழரை மணிக்குத் திடீரென்று புழுக்கமாக உணர்ந்தால் சமையல்காரரைக் குறை சொல்ல வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இரவும் பகலும் கடலிலிருந்தே வீசுவதால் அந்த மாதங்களில் இந்த மாற்றம் அவ்வளவு தெரியாது.

கண் இருளுக்குத் தயாராவதற்குள்

கொழும்பில் அந்தி அவசரமானது. சூரியத் தட்டு கடலைத் தொட்டு முழுதாக மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் எடுக்கும். அதன் பின் வெளியே வாசிக்கும் அளவுக்கு வெளிச்சம் இருப்பது ஏறக்குறைய 21 நிமிடம். லண்டனில் ஜூன் மாதத்தில் இதே அந்தி முக்கால் மணி நீளும், வானியல் கணக்கில் முழு இருள் அங்கே அந்த மாதத்தில் வருவதே இல்லை. மனிதக் கண் வெளிச்சத்திலிருந்து இருளுக்கு முழுமையாகப் பழக அரை மணி வேண்டும். வெப்பமண்டலத்தில் இரவு கண்ணை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. லண்டனிலிருந்து வந்தவர்கள் இங்கே இருட்டு திடுமென விழுகிறது என்று சொல்வதில் மிகை இல்லை.

அந்த அரை மணியில் கண்ணுக்குள் காவல் மாறுகிறது. நிறம் பார்க்கும் கூம்புக் கலங்கள் ஓய, மங்கிய ஒளிக்குரிய கோல் கலங்கள் பொறுப்பேற்கின்றன. கோல் கலங்களுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியாது. நீலப்பச்சை நன்றாகத் தெரியும். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே 1825 இல் இதை எழுதினார். பகலில் பளிச்சென்றிருந்த சிவப்புப் பூ அந்தியில் கறுப்பாகி, பக்கத்து இலை வெளிறித் தெரிவது இதனால்தான். விளக்கில்லாத மேசையில் யாழ்ப்பாணத்து நண்டுக் கறியின் சிவப்பு முழுதாகத் தோற்றுப்போகும்.

மெழுகுதிரி அதைக் காப்பாற்றுகிறது. திரியின் சுடரில் ஒளிர்வது எரியாத கரித் துகள்கள். அவற்றின் வெப்பநிலை 1,900 கெல்வினை ஒட்டியது, ஒளியில் சிவப்பும் மஞ்சளுமே அதிகம். கூம்புக் கலங்கள் விழித்திருக்கும் அளவுக்கு வெளிச்சம், சிவப்பைத் தூக்கிக் காட்டும் நிறம் இரண்டையும் அது தருகிறது. கறியின் சிவப்பும் எதிரே இருப்பவரின் முகத்தின் செம்மையும் கூடித் தெரிகின்றன. காதலர் மேசைக்கு மெழுகுதிரி வைக்கும் வழக்கத்துக்கு ஒளியியலின் ஒப்புதலும் உண்டு.

எப்போது, எங்கே?

கொழும்பில் மிக முந்திய அஸ்தமனம் நவம்பர் நடுவில், 5.50 அளவில். மிகப் பிந்தியது ஜூலை நடுவில், 6.30 அளவில். மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 ஐ ஒட்டி வந்தாலும் அன்று சூரியன் மறைய 6 மணியாகும். பூமியின் சாய்வும் அதன் பாதை நீள்வட்டமாக இருப்பதும் சேர்ந்து நண்பகலையே முன்பின்னாகத் தள்ளுவதால் வரும் விநோதம் இது. அரசும் ஒரு காலம் அஸ்தமனத்தைத் தள்ளி வைத்தது. மின்தட்டுப்பாட்டின்போது 1996 மே மாதம் நாட்டின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டது. ஒக்டோபரில் அதில் அரை மணி குறைக்கப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது.

ஆகவே மேசை பதிவு செய்பவருக்கு என் யோசனை இது. அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பே போய் உட்காருங்கள். மேற்கோடு கிழக்கும் தெரியும் மேசையாகக் கேளுங்கள். மிக உயர்ந்த மாடிக்கு அலைய வேண்டாம், பத்தாம் மாடியே போதும். சூரியன் போன பின் இருபது நிமிடத்துக்கு மெனுவைத் திறக்காதீர்கள். மேலே போக வசதியில்லாதவர் இழப்பது அதிகமில்லை. நசுங்கிய சூரியன், பச்சை மின்னல், ஓசோனின் நீலம் எல்லாம் திடலில் நிற்பவருக்கும் அப்படியே கிடைக்கும்.

கொழும்புப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களிடமும், கடற்கரை அடுக்குமாடிகளின் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒரு மாலை, வகுப்பில் பாதிப் பேரை மொட்டைமாடியிலும் மீதிப் பேரைக் கரையிலும் நிறுத்துங்கள். ஆளுக்கொரு கடிகாரமும், மாடியின் உயரத்தை அளக்க ஓர் அளவுகோலும் போதும். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைகள், அதைத் தாங்களே அளந்து ஏறக்குறைய அதே எண்ணைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும்.